தாழ்நாட்டு மேடுகள்

நான் ஒருநாளும் போயிராத ஒரு நாட்டின் ஊர்ப்பெயர்களை இரண்டாக ஒடிப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சரவணம்பட்டியில் கண்ணாடி போட்ட கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் எங்கள் அலுவலகம். கைபேசியில் வழி காட்டுகிற வரைபடங்களுக்கு ஊர், தெரு, வாய்க்கால், பாலம் எல்லாவற்றுக்கும் பெயர் பொருத்தும் வேலை. எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்த நாடு நெதர்லாந்து. பெயர் நீளமாக இருந்து ஒரு வரியில் அடங்காவிட்டால் இரண்டு வரியாக மடிக்க வேண்டும். எங்கே மடிப்பது என்பதைக் கணினியிடம் விட்டால் கண்ட இடத்தில் வெட்டிவிடும். அதைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது.

சேர்ந்த அன்றைக்கு எங்கள் குழுவை நடத்தும் அக்கா ஒரு தாளை எடுத்து 'கோபிசெட்டி' என்று ஒரு வரியும், 'பாளையம்' என்று அடுத்த வரியும் எழுதினார். அதற்குக் கீழே 'கோபிசெட்டிபா' என்று ஒரு வரி, 'ளையம்' என்று இன்னொரு வரி.

"ரெண்டாவதப் படிச்சா என்ன தோணுது?"

"யாரோ கழுத்தப் புடிச்ச மாதிரி இருக்குதுங்கக்கா."

"அவ்வளவுதான் தம்பி வேலை. கழுத்தப் புடிக்காம ஒடிக்கோணும். எலும்பு எங்க சேருதுன்னு பாத்துக்க."

அக்கா கோயம்புத்தூர் கோட்டைமேட்டுக்காரர். நோன்பு மாதத்திலும் நான்கு மணியானால் எங்களுக்கு டீ வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பார். டச்சு மொழியை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெயர்களை ஒடித்து ஒடித்தே கற்றுக்கொண்டவர்.

எலும்பு சேருமிடம் தெரிய, பெயரின் பொருள் தெரிய வேண்டியிருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். ரோட்டர்டாம் என்றால் ரோட்டே ஆற்றில் கட்டிய அணை. ஆம்ஸ்டர்டாம், ஆம்ஸ்டெல் ஆற்றின் அணை. ஆமெர்ஸ்ஃபோர்ட் என்றால் ஆமெர் ஆற்றைக் காலால் கடக்கிற துறை. நமக்குப் பெருந்துறை இருப்பது போல. கூஃபோர்டன் என்ற ஊரில் மாடுகள் ஆற்றைக் கடந்திருக்கின்றன. நைமேகன் என்பது ரோமானியர் காலத்தில் 'புதுச்சந்தை'. இரண்டாயிரம் வருடமாகியும் அது புதுசுதான். எங்கள் பக்கம் மூன்று ஊருக்கு ஒரு புதூர் இருக்கிறது. எதிலும் ஒரு புதுச் சுவரைக்கூடப் பார்த்ததில்லை. ஆகவே அது எனக்கு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

ஸெர்டோகென்போஸ் என்று ஓர் ஊர். 'கோமகனின் காடு' என்று பொருள். அவ்வளவு நீளத்தை வாயில் வைத்துக்கொள்ள அந்த ஊர்க்காரர்களுக்கே பொறுமை இல்லை. சுருக்கி 'டென் போஸ்' என்கிறார்களாம். காந்திபுரத்தில் நின்று "கோபி, கோபி" என்று கூவும் கண்டக்டரை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரே நாளில் பிழைத்துக்கொள்வார். எய்ந்தோவன் என்ற பெயரைத் திறந்தபோது மனசு கொஞ்சம் நின்றுவிட்டது. 'எய்ந்த்' என்றால் கடைசி. 'ஹோவன்' என்றால் வீடும் நிலமும் தொழுவமும் சேர்ந்த இடங்கள். அதைச் சொல்ல எங்கள் பக்கம் ஒரே சொல் இருக்கிறது: தோட்டம். உலகம் முழுக்கத் தெரிந்த அந்த நகரத்தின் பெயர், எங்கள் ஊர் வழக்கில், கடைசித் தோட்டம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வரைபடம் வேறு மாதிரி ஆகிவிடும். ஏசிக் குளிரில் இமை தாழும். சுட்டியால் பிடித்து இழுத்தால் நாடே நழுவும். பச்சை வயல், நீல வாய்க்கால், மறுபடி பச்சை, மறுபடி நீலம், அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல. எங்கும் ஒரு மலை இல்லை. நான் பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தொலைவில் ஒரு மலைக்கோடு கிடக்கும். அது இல்லாத நாட்டில் கண் எங்கேயும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. ஊர்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

சூட்டர்மேர் என்ற ஊரைத் திறந்த நாள் நினைவிருக்கிறது. 'நன்னீர் ஏரி' என்று பொருள். வரைபடத்தில் ஏரியைத் தேடினேன். பழைய ஏரி எங்கும் இல்லை. நானூறு வருடத்துக்கு முன்பே தண்ணீரை இறைத்து வயலாக்கிவிட்டார்களாம்.

"ஏரி போயிருச்சுங்கக்கா. பேரு மட்டும் நிக்குது."

"எங்க கோட்டை எங்க இருக்குது?" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானும் பொறந்ததுல இருந்து கோட்டைமேட்டுலதான் இருக்கறேன். ஒரு செங்கல் பாத்ததில்ல."

புதிதாகச் சேருகிறவர்களுக்காக இந்தப் பெயர் முடிவுகளுக்கெல்லாம் தமிழில் ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார் அவர். பெருமையோடு எழுதினேன். 'டாம்' என்பதற்கு எதிரே, 'அணை. ஆற்று நீரைத் தேக்கிப் பாசனத்துக்குத் திறந்துவிடுவது' என்று போட்டிருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"பவானிசாகரை அங்க கொண்டுபோயி வெச்சுட்டியேப்பா! இவங்க தண்ணியச் சேத்து வெக்கறதுக்குக் கட்டலை. கடல் தண்ணி ஆத்துக்குள்ள ஏறி வராம இருக்கக் கட்டினது. வாங்கன்னு கூப்பிடற அணை இல்ல. வராதேங்கற அணை."

எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது. தண்ணீரைப் பார்த்து வராதே என்று சொல்லும் மனிதர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். கோபிக்குக் கிழக்கே, பெரிய வாய்க்கால் கரைக்குக் கீழே நாற்பது வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. அப்பா மற்றவர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவர். மடையைத் திறந்து, மண்வெட்டியால் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடுவதுதான் அவர் தொழில். எழுத்துத் தெரியாது. ஆனால் காலையில் டீக்கடைக்குப் போனதும் பேப்பர் படிக்கிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "டேமு எத்தன அடிங்க?"

"உங்க நாட்டு டேமு எத்தன அடி?" என்றார் என்னிடமும். நெதர்லாந்து எப்போதோ என்னுடைய நாடாகிவிட்டிருந்தது.

"அங்க அடிக்கணக்கு இல்லீங்கப்பா. கடல்தண்ணி உள்ள வராம தடுக்கறதுக்குக் கட்டினதுங்க."

"அப்ப வயலுக்குத் தண்ணி?"

"வயல்ல இருந்து மோட்டார் போட்டு எடுத்து வாய்க்கால்ல ஊத்தறாங்க. வாய்க்கால்ல இருந்து கடலுக்குப் போவுது."

அப்பா பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடியே நிறுத்தினார். "வயல்ல இருந்து வாய்க்காலுக்கா?"

"ஆமாங்க."

"நீ இத வெளிய எங்கியும் சொல்லாத. இங்க முறைத்தண்ணிக்கு மம்பட்டியத் தூக்கிக்கறானுங்க."

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் சித்தப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "அண்ணா, நீ அங்க போனா உன்னையத் தலைகீழா நிக்கவெச்சுத்தான் தண்ணி கட்டச் சொல்லுவானுங்க" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் குழம்புச் சட்டியைத் தவற விடப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் ஊராட்சிச் செயலர் வந்தார். எங்கள் ஆட்கள் அவரைக் கிளார்க் என்றுதான் சொல்வார்கள். மேலிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். ஊர்ப் பதிவுகளில் இருந்து 'காலனி' என்ற சொல்லை எடுக்கப் போகிறார்கள். எங்கள் நாற்பது வீட்டுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். மூன்று வாரத்தில் கிராம சபை. அதற்குள் நாங்களே ஒரு பெயரை ஒத்துச் சொன்னால் அதைத் தீர்மானமாக வைப்பார். சொல்லாவிட்டால் அவர் கையிலிருக்கும் பட்டியலில் இருந்து ஒன்றைப் போட்டுவிடுவார்.

"பட்டியல்ல என்ன இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"மல்லிகை நகர், முல்லை நகர், தாமரை நகர். எல்லாம் நல்ல பேருதான் தம்பி."

இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ங்க' இல்லாமல் வார்த்தை முடியாது. நாய் குறுக்கே வந்தால்கூட "போங்க சாமி" என்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. கோயம்புத்தூரில் கல்லூரிக்குச் சேர்ந்த வருடம், கூடப் படித்தவனின் தோட்டத்துக்கு ஒரு விருந்துக்குப் போனேன். வாசலிலேயே ஒரு பெரியவர், "வாங்க தம்பி, எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன். "அட, பக்கந்தானுங்க. அதுல எந்தப் பக்கமுங்க?" என்றார். அந்த இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் ஒரு பதில்தான் இருந்தது. காலனி என்றேன். அவர் முகம் ஒன்றும் கோணவில்லை. சிரித்த மாதிரியேதான் இருந்தார். "சரி, அப்படி உக்காரு" என்றார். என் காதில் விழுந்தது அவ்வளவுதான். பழம் உதிர்வது போல அந்த 'ங்க' உதிர்ந்தது.

வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். விண்ணப்பங்களில் எல்லாம் அந்தச் சொல்லை நான்தான் எழுதியிருக்கிறேன், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து. ஆகவே புதுப் பெயரை எழுதிக் கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. ஆனால் வெறுமனே பலகையில் ஒரு பெயர் மாறினால் போதாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மேலே தோட்டத்தில் இருக்கிறவர்களும் அதை வாயால் சொல்ல வேண்டும். முல்லை நகர் என்று பலகை வைத்தால் பலகைக்கு முல்லை நகர். வாய்க்கு அதே பழைய பெயர்.

மறுவாரம் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கூடினோம்.

"ஆளுக்கொரு பேரா சொல்லுங்க, ஆனா சண்டை வேண்டாம்" என்று ஆரம்பித்தார் அப்பா. ஐந்து நிமிடத்தில் சண்டை வந்தது. ஒருவர் ஒரு தலைவர் பெயரைச் சொன்னார். இன்னொருவர் எதிர்க்கட்சித் தலைவர் பெயரைச் சொன்னார். சித்தப்பா, "நெதர்லாந்து நகர்னு வெச்சுப்போட்டா பொண்ணு குடுக்கறவன் யோசிக்காமக் குடுப்பான்" என்றார். கிளார்க்கின் பூப்பட்டியலை நான் படித்தபோது அம்மா எழுந்து, "நம்மூட்டுப் பக்கம் மல்லிகை எங்க பூத்துது? எருக்குத்தான் பூக்குது. எருக்கு நகர்னு வெக்கச் சொல்லு" என்றாள்.

நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். ஒரு வாரமாகப் பேருந்திலும் அறையிலும் யோசித்துச் செதுக்கிய பெயர். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நீரணியூர்" என்றேன்.

ஒரு பாட்டி வயசுக்காரம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "மாத்திரப் பேராட்டம் இருக்குது. சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

பேர் கிடைக்காமலே வேலைக்குத் திரும்பினேன். புளியம்பட்டி தாண்டி பேருந்து அன்னூரை நோக்கிப் போகும்போது தூங்கிவிட்டேன். கண்டக்டர் ஊர் ஊராகக் கூவிக்கொண்டு போனார். என் தூக்கத்துக்குள் அவர் கடைசித் தோட்டம் என்றார், மாட்டுத்துறை என்றார், புதுச்சந்தை என்றார், அந்தந்த இடத்தில் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் ஊர் வரும்போது மட்டும் அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் இறங்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றேன். விழித்தபோது பேருந்து சரவணம்பட்டியை விட்டுக் கணபதியும் தாண்டியிருந்தது.

அந்த வாரம் எனக்குக் கொடுத்த பகுதி நாட்டின் வடக்கு ஓரம், ஃப்ரீஸ்லாந்து. கடலுக்கு ஒட்டிய சமவெளி. அங்கே பெயர்களின் வால் வேறாக இருந்தது. 'டாம்' இல்லை, 'டெய்க்' என்ற கரையும் இல்லை. வெர்ட், வார்ட், தெர்ப் என்று முடிந்தன. ஊர்களின் வடிவமும் வேறு. வட்டமாக வீடுகள், நடுவில் ஒரு தேவாலயம், வட்டத்தின் மையத்தில் இருந்து வெளியே ஓடும் பாதைகள். பச்சைத் தாளில் யாரோ விரல்நுனியை அழுத்தி எடுத்தது போல, அப்படி நூற்றுக்கணக்கில்.

அக்காவிடம் கேட்டேன். "மேடு" என்றார். "கரை கட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடி கடல் உள்ள வந்து வந்து போகும். இருக்கறதுக்கு மேடு இல்ல. அதனால இவங்களே போட்டுக்கிட்ட மேடு. களிமண்ணு, சாணி, குப்பை, கையில கெடைச்சதெல்லாம் போட்டுத் தலைமுறை தலைமுறையா உசத்தி, அது மேல ஊடு கட்டினாங்க."

"தெர்ப்னா மேடுங்களா?"

"அதுதான் வேடிக்கை. அந்தச் சொல்லுக்கு மொதல்ல ஊருன்னுதான் அர்த்தமாம். ஊரெல்லாம் மேட்டு மேல இருந்ததால, போகப்போக ஊருங்கற சொல்லே மேடுன்னு ஆயிப்போச்சு."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பள்ளமான ஒரு நாடு, பெயரே தாழ்நாடு. அதில் கையால் போட்ட மேடுகள். ஒரு வட்டத்தின் மேல் சுட்டியை வைத்தபடி இருந்தேன். ஏனோ எங்கள் வீட்டுத் தரை நினைவுக்கு வந்தது. வாய்க்கால் எங்களுக்கு மேலே ஓடுகிறது. மண் கரை. தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் அக்கம்பக்கத்து வயல்களில் கசிவுத் தண்ணீர் ஊறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. ஏன் வரவில்லை என்று அதுவரை நான் யோசித்ததே கிடையாது.

வராந்தாவுக்குப் போய் அம்மாவைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"சாப்புட்டயா சாமி?"

"சாப்புட்டேம்மா. நம்மூட்டுக்குள்ள கசிவுத் தண்ணி ஏம்மா வரதில்ல?"

"இதக் கேக்கறதுக்கா வேல நேரத்துல போனு? வந்துட்டுத்தான் இருந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி உட்டா நாலு மாசம் தரையில ஊத்தெடுக்கும். கட்டில் மேல அடுப்ப வெச்சு சோறாக்குவோம். பாம்பும் தவளையும் நாங்களும் ஒண்ணாக் குடியிருந்தோம்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன. ஒரு கோடைக்கு வாய்க்கால்ல தூர் வாரி மண்ணக் கரை மேல கொட்டிப்போட்டுப் போனாங்க. கேக்க நாதியில்லாமக் கெடந்துச்சு. பொம்பளைங்க அத்தன பேரும் கூலிக்குப் போயிட்டு வந்து பொழுதோட அள்ளிக் கொட்டுனோம். அடுத்த கோடைக்கும் அதே கதை. நீ வயித்துல அஞ்சு மாசம். தலையில மண்ணு ஒரு பாரம், முன்னால நீ ஒரு பாரம்."

"எதுலம்மா கொண்டு வந்தீங்க?"

"எதுலன்னா? கூடையிலதான். 'கூடைமேட்டுக்குப் போலாம் வாங்கடி'ன்னு கூப்புட்டுக்குவோம். மேடாயி முடிஞ்சதுக்கப்புறம் எங்க அந்தப் பேச்சு. குக்கர் சத்தம் குடுக்குது, வெக்கட்டுமா?"

அவள் வைத்த பிறகும் நான் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாத இருபது முப்பது பெண்கள் வைத்த பெயர் அது. மனுவில் போட்டுக்கொள்ள ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஞாயிறு தொட்டி முன்னால் சொன்னேன். பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரைப் பெயர் என்று சொன்ன பாட்டியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அட, அத ஆரு இவனுக்குச் சொன்னா?" என்றார். நாற்பது வீட்டுக்கும் ஒத்துப்போனது.

அப்பாவுக்கு மட்டும் பயம் இருந்தது. கிராம சபையில் மேல்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் இருப்பார்கள். அதில் பெரியவர் ஒருவருக்குத்தான் அப்பா இருபது வருடமாகத் தண்ணீர் கட்டுகிறார். எங்கள் வீடுகளைச் சுற்றியிருக்கும் நிலமும் அந்தப் பெரியவருடையது.

"பேரு எப்ப வேணா வரும் தம்பி. நாளைக்குக் காத்தால நான் அவிய மடைக்குப் போகோணும்" என்றார் அப்பா.

பள்ளிக்கூட வளாகத்தில் வேப்பமரத்து நிழலில் கிராம சபை நடந்தது. கிளார்க் ஒவ்வொரு தீர்மானமாகப் படித்தார். எங்கள் முறை வந்ததும், "கூடைமேடு என்று பெயர் சூட்ட" என்று படித்து நிறுத்தி, "ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றார்.

பெரியவர் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. கோபமும் இல்லை. ஒரு தப்பைத் திருத்துகிற குரலில்தான் சொன்னார். "மேடுன்னு எப்படிங்க போடறது? அது பள்ளமாச்சே. எங்க தாத்தன் காலத்துப் பத்திரத்துலயே பள்ளக்காடுன்னுதான் இருக்குது. வேணும்னா பள்ளக்காடுன்னு வெச்சுக்கட்டும். இல்லாத மேட்டுக்கு எதுக்குங்க பேரு?"

கிளார்க் பேனாவை எடுத்துப் பட்டியலைப் புரட்டத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். தெர்ப் பற்றியும் ஃப்ரீஸ்லாந்து பற்றியும் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடினேன். அதற்குள் எனக்குப் பின்னால் இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பள்ளந்தானுங்க. நாங்க மண்ணக் கொட்டித் தூத்துனமுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

"தூத்துனீங்களா? எத்தனை கூடைங்கம்மணி கொட்டினா அது மேடாகும்?" என்றார் நாற்காலி வரிசையில் ஒருவர், சிரித்துக்கொண்டே.

"எண்ணத் தெரிஞ்சிருந்தா நாங்களும் பள்ளிக்கோடம் போயிருப்பமுங்க."

நாற்காலி வரிசையிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அம்மா பெரியவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாததாங்க? அந்தக் கோடையில கரைமண்ணு அடிக்க உங்கூட்டு வண்டிய ரெண்டு நாளைக்குக் கேட்டு உங்க வாசல்ல வந்து நின்னமுங்க. மாடு மெலிஞ்சு போயிரும்னீங்க. நீங்க வண்டி குடுத்திருந்தா இன்னைக்கு வண்டிமேடுன்னு வெச்சிருப்பமுங்க. குடுக்கல. அதனால கூடைமேடுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெரியவர் கைத்தடியின் பிடியைத் தடவினார்.

"மாடு மெலிஞ்சுரும்னா சொன்னேன்?"

"ஆமாங்க. செவலக் காளைங்க."

"அது ஏற்கெனவே மெலிஞ்ச மாடுதான்" என்றார் அவர், பாதி தனக்குள்ளேயே. பிறகு கிளார்க்கைப் பார்த்து, "எழுதிக்கங்க. அவிய போட்ட மேடு, அவிய வெச்ச பேரு. எனக்கென்னங்க" என்றார்.

கிளார்க் பட்டியலை மூடிவிட்டு எழுதினார். எழுத்துச் சரியா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

திரும்பும்போது வாய்க்கால் கரையோடு நடந்தோம். வாய்க்காலில் தண்ணீர் முக்கால் அளவுக்கு அசையாதது போல ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் தென்னைகள் தலைகீழாக நின்றன. பெண்கள் முன்னால் போனார்கள். கூடையோடு வழுக்கி விழுந்தது யார், விழுந்ததாக நடித்து ஒரு பொழுது வேலையை ஏமாற்றியது யார் என்று அவர்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. அப்பா, காலையில் மடைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் என் பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைசியாக வந்தேன். கரையில் இருந்து பாதை கீழே இறங்கி, கொஞ்ச தூரம் சமமாகப் போய், வீடுகளுக்குச் சற்று முன்னால் மறுபடி ஏறியது. அதிகமில்லை. இடுப்பு உயரம் இருக்கலாம். முன்னால் போனவர்களின் தலைகள் ஒவ்வொன்றாக மெல்ல உயர்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அத்தனை வருடங்களிலும் அந்த இடத்தில் மிதி கனத்துப்போய் இறங்கித் தள்ளியிருக்கிறேன். பசிக் களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை செயின் இறுகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, தேங்காய் எண்ணெய் விட்டு, சக்கரத்தை நெடுநேரம் சுற்றிப் பார்த்தார். மறுநாளும் அங்கேயேதான் கனத்தது.